குமிழி மாமா உட்கார்ந்து பாட்டுக் கேட்டார்

என் அக்காவின் கணவர் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் தரையைத்தான் பார்ப்பார். மனிதர்களெல்லாம் அப்புறம். கல்யாணம் பேச எங்கள் வீட்டுக்கு முதல்முறை வந்தபோதும் அப்படித்தான். குனிந்த தலை நிமிராமல் இருந்தவரைப் பார்த்து, பையனுக்கு ரொம்பக் கூச்சம் போலிருக்கிறது என்று அம்மா உருகிப்போனாள். கடைசியில் அவர் தலையைத் தூக்கி, "குளிக்கிற தண்ணி கூடத்துக்கு வருமே, எப்படிச் சமாளிக்கிறீங்க?" என்று கேட்டார். வருடக்கணக்காகக் குளியலறை வாசலில் கோணிச் சாக்கைப் போட்டுச் சமாளித்துக்கொண்டிருந்த அம்மாவுக்கு வேறு விசாரணை எதுவும் தேவைப்படவில்லை.

அவர் டைல்ஸ் போடுகிறவர். சட்டைப் பையில் மற்றவர்கள் பேனா வைப்பதுபோல் இடுப்பில் எப்போதும் ஒரு சின்ன ரசமட்டம் வைத்திருப்பார். கண்ணாடிக் குழாய்க்குள் பச்சைத் தண்ணீர், அதில் ஒரு குமிழி. அந்தக் குமிழியைப் பார்த்துப் பார்த்தே அவருக்கும் அந்தப் பெயர் வந்துவிட்டது. வேலை நடக்கும் இடத்தில் எல்லோருக்கும் அவர் குமிழிதான். நான் மட்டும் மாமா என்று கூப்பிட்டு, குமிழியை மனசுக்குள் சேர்த்துக்கொள்வேன்.

அவர் போட்ட தரையில் தண்ணீர் நிற்காது. ஒரு வாளியைக் கவிழ்த்துவிட்டு நீங்கள் திரும்பி வருவதற்குள், சொல்லிவைத்தாற்போல் அது வடிகால் பக்கம் போயிருக்கும். கண்ணுக்குத் தெரியாத அந்தச் சரிவை அவர்கள் வாட்டம் என்பார்கள். குமிழி நட்டநடுவில் நின்றால் மாமாவுக்குப் பிடிக்காது. ஒரு பக்கத்துக் கோட்டை மெல்ல உரசிக்கொண்டு நிற்க வேண்டும். அப்போதுதான் வாயைத் திறந்து "கரெக்ட்" என்பார். அதற்குப் பிறகு அந்தத் தரையைப் பற்றி யாரும் பேசக் கூடாது.

அக்கா வீட்டில் அவர்களோடு தங்கியிருக்கும் நான் அவரிடம் கவனித்த இன்னொன்று உண்டு. அவர் உட்காரமாட்டார். பகலெல்லாம் முட்டி போட்டே வேலை செய்கிறவர் வீட்டுக்கு வந்தால் நிற்பார், சுவரில் சாய்ந்து குந்துவார், அல்லது நேராகப் போய்ப் படுத்துவிடுவார். நாற்காலி அவருக்கு வேறு யாருடைய சட்டையோ மாதிரி. எங்கள் வீட்டுப் பிரம்பு நாற்காலியில் எப்போதும் மடிக்காத துணிகள்தான் உட்கார்ந்திருக்கும்.

இப்படிப்பட்டவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மூச்சு வாங்க, ஒரு ரெக்கார்டு பிளேயரைத் தூக்கிக்கொண்டு படியேறி வந்தார்.

அவர்கள் வேலை செய்துகொண்டிருந்த வீட்டில் பழைய தரையைப் பெயர்ப்பதற்காக அலமாரிகளை நகர்த்தியிருக்கிறார்கள். பின்னாலிருந்து பிளேயர் வெளிப்பட்டிருக்கிறது. கூடவே ஒரு ஆம்ப்ளிஃபயர், இரண்டு ஸ்பீக்கர், உறை கிழிந்த ஒரே ஓர் இசைத்தட்டு. வீட்டம்மாவுக்கு அது வேண்டாம். பாட வைக்கிறவர்கள் எடுத்துக்கொண்டு போகலாம், பூத்தொட்டி வைக்கிற ஸ்டாண்டாக மட்டும் ஆக்கிவிடக் கூடாது என்று சொல்லியிருக்கிறார். இரண்டு கைகள் நீண்டன. ஒன்று மாமாவுடையது. இன்னொன்று எலக்ட்ரீஷியனுடையது. அவரை எல்லோரும் கரண்ட் என்பார்கள். அவர் கை வைத்தால் செத்த மிக்ஸியும் எழுந்து ஓடும் என்று பெயர். என்னிடம் கொடுங்கள், சாயங்காலமே பாடும் என்றாராம் கரண்ட். எந்த வீட்டிலிருந்தும் மிச்ச டைல் ஒன்றைக்கூட எடுத்து வராத மாமா, நான்தான் முதலில் கேட்டேன் என்று சின்னப் பிள்ளைபோல் பிடிவாதம் பிடித்திருக்கிறார்.

தீர்ப்பு சொன்னது வீட்டம்மா. முதலில் கேட்டவருக்கு அடுத்த ஞாயிறு சாயங்காலம் வரை நேரம். அதற்குள் இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுவதும், தாவாமல் நிற்காமல், பாட வேண்டும். இல்லாவிட்டால் கரண்ட் வந்து எடுத்துக்கொண்டு போவார்.

ஸ்பீக்கர் ஒன்றைத் தூக்கிக்கொண்டு அவருக்குப் பின்னால் படியேறிய நான், இது எதற்கு என்று கேட்டுவிட்டேன். மாமா படியிலேயே நின்றார்.

"ஃபோன்ல பாட்டுன்னா நடந்துக்கிட்டே கேக்கலாம் மாப்ளே. வேலை பாத்துக்கிட்டே கேக்கலாம். இது அப்படி இல்ல. முள்ளை வச்சுட்டு உக்காரணும்." கொஞ்சம் மூச்சு விட்டுக்கொண்டு சொன்னார்: "எத்தனை வீட்டுக்குத் தரை போட்டிருக்கேன். காஞ்சதும் நம்மள வெளிய அனுப்பிடுவாங்க. நம்ம வீட்டுத் தரையும் நான் போட்டதுதானே. நான் போட்ட தரையில ஒரு தடவையாவது நான் உக்காந்து எதையாச்சும் கேக்கணும்."

வீட்டுக்குள் போனதும் அக்காவிடம் பிரம்பு நாற்காலியைக் காலி பண்ணச் சொன்னார். அக்கா ஒரு ஆஸ்பத்திரியின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து நாள் முழுக்க "அடுத்தது யாரு?" என்று கேட்கிறவள். ஆச்சரியப்படுவது அவள் வேலையில் இல்லை. துணிமலையை அப்படியே அள்ளிக் கட்டிலுக்கு மாற்றினாள். மாமா நாற்காலியைச் சுவருக்கு எதிரில் போட்டார். ஒரு பக்கம் முழுவதும் பாடும்வரை அதில் யாரும் உட்காரக் கூடாது, தானும் உட்காரப் போவதில்லை என்றார். "அதுவரைக்கும்?" என்று அக்கா கேட்டதற்கு, "காத்திருக்கட்டும்" என்றார்.

முதல் தடவை முள்ளை வைத்தபோது தீப்பெட்டிக்குள் அடைத்த கொசுமாதிரி ஏதோ கேட்டது. ஆம்ப்ளிஃபயரின் முதுகில் வரிசையாகத் துளைகள். நாங்கள் கைக்கு வாகாக இருந்த ஒன்றில் செருகியிருந்தோம். ஃபோனில் தேடிப் பார்த்து, ஃபோனோ என்று எழுதிய துளைக்கு மாற்றச் சொன்னேன். கொசு ஒரு பெண்ணாக மாறினாள். ஆனால் தூக்க மாத்திரை சாப்பிட்ட பெண். தட்டைச் சுற்றவைக்கும் ரப்பர் பெல்ட் இழுபட்டுத் தொளதொளவென்று கிடந்தது. மறுநாள் மாலையே நான் புது பெல்ட் வாங்கி வந்தேன். அதைச் சுழல்தட்டுக்கு அடியில் மாட்டும்போது மாமாவின் விரல்களைப் பார்த்தேன். சிமெண்ட் தின்று ரேகை தேய்ந்த விரல்கள். பெல்ட்டைக் குழந்தைக்கு வளையல் போடுகிற மாதிரி போட்டன.

இப்போது அவள் சரியான வேகத்தில் பாடினாள். எந்த மொழி என்று எங்கள் யாருக்கும் தெரியவில்லை. திட்டுகிறாளா கொஞ்சுகிறாளா என்றுகூடச் சொல்ல முடியவில்லை என்றாள் அக்கா. பாட்டுகளுக்கு ஒன்று, இரண்டு என்று எண்தான் வைத்தோம்.

பாட்டோடு சேர்ந்து ஒரு இரைச்சலும் வந்தது. பக்கத்து அறையில் பழைய ஃபிரிட்ஜ் ஓடுகிற மாதிரி, விடாமல். வயர்களை ஆட்டிப் பார்த்தோம், பிடுங்கிச் செருகினோம். போகவில்லை. கரண்டிடம் கேட்டால் ஒரு நிமிஷ வேலை என்று அக்கா சொன்னாள். மாமா அவளை முறைத்தார். "அவன்கிட்டயா? கேட்டா அட்டைப்பெட்டியோட வந்து நிப்பான்."

ஆனால் மறுநாள் கேட்டிருக்கிறார். நேராக அல்ல. டைல்களுக்கு இடையே சந்தை அடைக்கும் மாவைப் பூசிக்கொண்டே, தலையைத் தூக்காமல், ஏதோ ஒரு மெஷினில் ஒரு பச்சை வயர் மட்டும் சும்மா தொங்கினால் என்ன செய்வது என்று பொதுவாகக் கேட்டிருக்கிறார். ஏணிமேல் நின்ற கரண்ட், "எர்த்துய்யா அது, தொங்கவிடக் கூடாது, ஆம்ப்ளிஃபயர் முதுகுல ஸ்க்ரூ இருக்கும்" என்று சொல்லிவிட்டுத்தான் நாக்கைக் கடித்துக்கொண்டாராம். அன்று மாலை மாமா படிகளை இரண்டிரண்டாக ஏறி வந்தார். அந்தப் பச்சை வயரை, உபரி என்று நினைத்து அவரே அழகாகச் சுருட்டி டேப் ஒட்டி வைத்திருந்தார். பிரித்து ஸ்க்ரூவில் மாட்டினோம். இரைச்சல் பட்டென்று அற்றது. ஒரு அறையில் இத்தனை அமைதி இருந்திருக்கிறதா என்று நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

மிச்சமிருந்தது ஒன்றே ஒன்று. பிளேயர் இருந்த மேசை மரம். அதன் ஒரு கால் கொஞ்சம் குட்டை. அட்டையை மடித்து வைத்திருந்தோம். யாராவது குறுக்கே நடந்தால் முள் தவளைமாதிரி தாவும். அக்கா பூனைநடை நடந்து பார்த்தாள். அப்படியும் தாவியது. "பேஷண்டுக்கு ரொம்ப பயம்" என்றாள்.

மேசைதான் ஆடுகிறது என்று தெரிந்ததும் மாமா முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். முதல்முறையாகப் பிரச்சினை அவருடைய நாட்டுக்குள் வந்திருந்தது. சுவரோரமாகச் செங்கல் வைத்துக் கட்டி, அதன்மேல் சமையல்மேடைக்குப் போடுகிற கிரானைட் பலகையில் ஒன்றைப் பதித்தார். அரை நாள் லீவு போட்டுச் செய்த வேலை. ரப்பர் சுத்தியலால் மெல்லத் தட்டித் தட்டி, ரசமட்டத்தை வைத்துக் குனிந்து பார்த்து, "கரெக்ட்" என்றார். வெள்ளிக்கிழமை கலவை இறுகியதும் பிளேயரை ஏற்றினோம். அக்கா பக்கத்திலேயே குதித்தாள். முள் அசையவில்லை. கல்லுக்குக் காது கேட்காது என்று மாமா பெருமையாகச் சொன்னார். முதல் பாட்டு முடிந்தது. இரண்டாவது முடிந்தது. மூன்றாவதில், அவள் குரலை மேலே மேலே தூக்கிக்கொண்டு போகும் இடத்தில், முள் பிடி விட்டு உள்பக்கமாக வழுக்கிக்கொண்டு போய்த் தட்டின் நடுவில் முட்டி நின்றது. சறுக்குமரத்தில் குழந்தை வருகிற மாதிரி.

மறுபடி வைத்தோம். அதே இடம், அதே சறுக்கல்.

சனிக்கிழமை முழுக்க அந்த இடத்தில்தான் போனது. முள்ளைத் தாங்கும் பிளேயர்க் கையின் பின்னாலிருக்கும் எடைக்குண்டைத் திருகி, கை காற்றில் மிதக்கும்வரை சமன் செய்து, மறுபடி எடை கொடுத்தோம். எடையைக் கூட்டினால் வழுக்கல் குறைந்தது, ஆனால் குரல் போர்வைக்குள்ளிருந்து வந்தது. கூட்டிக்கொண்டே போனால் முள் தட்டைத் தின்றுவிடும் என்று ஃபோனில் போட்டிருந்தது, பயந்து குறைத்தோம். கை உள்ளே இழுபடாமல் வெளியே பிடித்து வைக்க ஒரு சின்னத் திருகு உண்டு. அதைக் கடைசிவரை திருகினோம். அவள் ஒரு ஸ்பீக்கரில் நன்றாகவும் இன்னொன்றில் தொண்டை கட்டியும் பாடினாள். மூன்றாவது பாட்டில் அப்படியும் விழுந்தாள். மூன்றாவதன் மிச்சமும் அதற்கு அடுத்த பாட்டும் எப்படி இருக்கும் என்று எங்களுக்குத் தெரியாது. தெரியாததாலேயே அவை நாளுக்கு நாள் அழகாகிக்கொண்டு வந்தன.

நான் பார்த்த எல்லா வீடியோவிலும் ஒரே சொல்லில்தான் ஆரம்பித்தார்கள். முதலில் மட்டம் பாருங்கள் என்று. அதை ஒரு தடவை மாமாவுக்குப் படித்துக் காட்டவும் செய்தேன்.

"அதை விட்டுட்டு அடுத்ததுக்குப் போ மாப்ளே" என்றார். "மட்டம் பாக்க எனக்குச் சொல்லித் தரானா அவன்?"

நான் அடுத்ததுக்குப் போனேன்.

ஞாயிறு காலையில் மாமா சாப்பிடவில்லை. பிளேயரைக் கல்லிலிருந்து இறக்கித் தரையில் வைத்து, அதன் வயிற்றைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். அதில் அவருக்குத் தெரிந்தது எதுவும் இல்லை. கரண்டிடம் கொடுத்தால் குறைந்தபட்சம் அது பாடும், அதுவாவது நடக்கட்டும் என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். நாற்காலியைத் திரும்பிப் பார்க்கவில்லை. அக்கா ஈரத்துணியோடு வந்தாள். எடுத்துக்கொண்டு போகிறவர் வருகிறார், இருக்கிற இடமாவது சுத்தமாக இருக்கட்டும் என்று கல்லைத் துடைத்தாள். துணியிலிருந்து கொஞ்சம் தண்ணீர் கல்மேல் கொட்டியது. அது ஒரு கணம் யோசித்துவிட்டு, இடது ஓரத்தை நோக்கி நேராக நடந்து, விளிம்பில் சொட்டாகத் தொங்கி, கீழே விழுந்தது.

"இதுல ஒரு குறையும் சொல்ல முடியாது" என்றாள் அக்கா. அவரைத் தேற்றுவதற்காகத்தான் சொன்னாள். "உங்க கல்லுல ஒரு சொட்டுத் தண்ணி நிக்குதா பாருங்க."

மாமா சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. எழுந்து வந்து, அக்காவின் கையிலிருந்த துணியை வாங்கி, கல்மேல் இன்னொரு தடவை பிழிந்தார். தண்ணீர் அதே வழியில் போயிற்று. அவர் ஈரமான அந்த வழியை விரலால் தடவினார். பிளேயரின் கை உள்பக்கமாக வழுக்கிய அதே திசை.

"வாட்டம் குடுத்திருக்கேன்" என்றார். யாரோ செய்ததைப் பார்த்துச் சொல்வதுபோல் சொன்னார். "பாட்டுப் பொட்டிக்கு வாட்டம் குடுத்திருக்கேன். ப்ளக்கு வலப்பக்கம் இருக்கே, தண்ணி இடப்பக்கம் போகட்டும்னு."

"தண்ணி எங்கேருந்து வரப்போகுது?" என்று அக்கா கேட்டாள்.

அவர் வாழ்க்கையில் எந்தக் கல்லைப் பதித்தபோதும் தண்ணீர் வராமல் இருந்ததில்லை. அக்கா துணியை வாயில் வைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். நானும். கடைசியில் மாமாவும் சுவரில் சாய்ந்து குந்தி, கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

கலவை இறுகிவிட்டது, பெயர்த்தால் செங்கலோடு வரும். மாமா வேலைப் பையைக் கவிழ்த்து, டைல்களைச் சமமாகத் தூக்கிப் பிடிக்க வைக்கிற பிளாஸ்டிக் ஆப்புகளை எடுத்தார். பிளேயரைக் கல்லில் ஏற்றி, ரசமட்டத்தைச் சுழல்தட்டின் மேலேயே வைத்து, இடப்பக்கக் கால்களுக்கு அடியில் ஆப்பை நுழைத்தார். குமிழி வலப்பக்கக் கோட்டிலிருந்து மெல்ல நகர்ந்து வந்தது. நடுவுக்கு வரும் முன்பே அவர் கை நின்றுவிட்டது.

"இன்னும்" என்றாள் அக்கா.

"போதும். கரெக்ட்டா இருக்கு."

"எங்க கரெக்ட்? இன்னும் நடுவுக்கு வரலையே."

அவர் இன்னும் கொஞ்சம் தட்டினார். குமிழி நடுவில் வந்து நின்றது. அவர் பின்னால் நகர்ந்து தலையைச் சாய்த்துப் பார்த்தார். முகம் கோணியது. "எனக்கு அந்தப் பக்கம் சாஞ்ச மாதிரி தெரியுது" என்றார். சாய்ந்தது அவர் கண்தான் என்றாள் அக்கா. அவர் கை ஆப்பை உருவப் போனது. அக்கா அந்தக் கைமேல் தன் கையை வைத்தாள். ரசமட்டத்தைக் குறுக்காகத் திருப்பி வைத்தார்கள். அந்தத் திசையிலும் ஒரு ஆப்பு வேண்டியிருந்தது. இந்த முறை அவரே நடுவரைக்கும் கொண்டுபோனார். "கரெக்ட்" என்ற சொல் மட்டும் அவர் வாயில் வரவில்லை.

வெளியே பிடிக்கும் திருகையும் எடைக்குண்டையும் இருக்க வேண்டிய எண்ணுக்குக் கொண்டுவந்தோம். போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். கரண்ட் வரட்டும், எல்லாரும் ஒன்றாகவே கேட்போம் என்றார்.

கரண்ட் சாயங்காலம் வந்தார். கையில் பெரிய அட்டைப்பெட்டி, தோளில் கயிற்றுச் சுருள். செருப்பைக் கழற்றும்போதே பெட்டியை வாசலில் விரித்து வைத்தார். "என்ன குமிழி, கட்டிரலாமா?" என்று கேட்டுவிட்டு, எர்த் மாட்டியிருப்பதைக் குனிந்து பார்த்துத் தன்னையே திட்டிக்கொண்டார்.

மாமா முள்ளை இறக்கினார். பிறகு திரும்பி, அந்த வாரம் முழுக்கக் காத்திருந்த நாற்காலியை நோக்கி நடந்தார். ஒரு பக்கம் முடியும்வரை உட்கார மாட்டேன் என்றீர்களே என்று அக்கா ஞாபகப்படுத்தினாள். முடியும் என்றார் அவர். உட்கார்ந்தார். ஊரார் வீட்டு சோபாவில் உட்காருகிற மாதிரி, நுனியில், கைகளை முட்டிமேல் வைத்துக்கொண்டு.

முதல் பாட்டு. கரண்ட் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்ப்பதுபோல் போனார், வந்தார், மறுபடி போனார். கொஞ்சம் கனமாகவே நடந்தார். முள் அவர் நடைக்குத் தாவவில்லை. அவர் கல்லைத் தட்டிப் பார்த்தார்.

"கல்லா?"

"கல்லு" என்றார் மாமா.

இரண்டாவது பாட்டு. அக்கா சமையலறை வாசலில் சாய்ந்து நின்றாள். மூன்றாவது ஆரம்பித்ததும் கரண்டைத் தவிர நாங்கள் மூவரும் முள்ளையே பார்த்தோம். அவள் குரலைத் தூக்க ஆரம்பித்தாள். ஒரு படி, இன்னொரு படி. எங்களுக்குத் தெரிந்த கடைசிப் படி. மாமாவின் விரல்கள் முட்டியை இறுகப் பிடித்தன.

அவள் அதைத் தாண்டிப் போனாள்.

அதற்கு மேலே அத்தனை இடம் இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியாது. அவள் அங்கே கொஞ்ச நேரம் நின்றாள், அவசரமில்லாமல் இறங்கி வந்தாள், நான்காவது பாட்டைத் தொடங்கினாள். அது தாலாட்டா சண்டையா என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை. நான் மாமாவைப் பார்த்தேன். அவர் நாற்காலியில் முழுக்கச் சாய்ந்திருந்தார். கால்கள் தரையில் நீண்டு கிடந்தன. தரையை அவர் பார்க்கவே இல்லை.

பாட்டு முடிந்து, முள் கடைசி வட்டத்தில் டக், டக் என்று தட்டிக்கொண்டிருந்தது. கரண்ட்தான் முதலில் பேசினார்.

"சரி, முடிஞ்சிருச்சு. ஒத்துக்கறேன். எந்திரிச்சு முள்ளை எடு, தேயுது."

மாமா கண்ணைத் திறக்கவில்லை.

"நீ எடு. அப்படியே திருப்பி மறுபக்கம் போடு" என்றார். "நான் உக்காந்திருக்கேன்ல."

கரண்ட் ஒரு நிமிஷம் அவரைப் பார்த்தார். பிறகு தோளிலிருந்த கயிற்றை எடுத்துக் காலி அட்டைப்பெட்டிக்குள் போட்டுவிட்டு, கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, இரண்டு உள்ளங்கைகளாலும் தட்டின் விளிம்பைப் பிடித்து, ரொம்ப ஜாக்கிரதையாக அதைத் திருப்பினார்.